வேதாளத்தின் கேள்வி

ஆடுவோரே கதைமாந்தராக மாறிப் பேசும் மேசை விளையாட்டுகளுக்கென 1976இல் அமெரிக்காவில் ‘டிராகன்’ இதழ் தோன்றியது. 2007இல் அதன் அச்சுப் பதிப்பு நின்றது. நம் பிள்ளைகளுக்கு அதையொத்த ஆட்டத்தை முன்பே பழக்கியது அம்புலிமாமா என்பேன்.

1947 சூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய இதழ் அது. மரபான வேதாளக் கதைகள் 25தாம். அவை தீர்ந்த பின்னரும், புதுக்கதைகளை அதே வேதாளத்தின் வாயில் வைத்துப் பல்லாண்டு வெளியிட்டனர். வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமனை வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் மறைந்தார்.

விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை வெடிக்கும். சொன்னாலோ வேதாளம் மரமேறும். பழைய இதழை வகுப்பில் வாசிக்கையில் அவ்விடத்தில் மூடிவிடுவேன். “நீதான் அரசன், சொல்” என்றால், வாசிக்கத் தயங்கும் பிள்ளையும் வாதாடும். அச்சிலுள்ள விடையை அவர்கள் எளிதில் ஏற்பதில்லை.