பல் பிடுங்குதல்

பல் பிடுங்குதல் என்பது தாடை எலும்பின் குழியிலிருந்து பல்லை வேரோடு அகற்றும் மருத்துவச் சிகிச்சை. பெரும்பாலும், சொத்தையை அடைத்தோ வேர் சிகிச்சை செய்தோ பல்லைக் காக்க இயலாதபோது மேற்கொள்ளப்படும் கடைசி வழி இது.

தேவைப்படும் நிலைகள்: வேர்வரை பரவிய சொத்தை, ஈறுநோயால் எலும்பு கரைந்து ஆடும் பல், வேர் நெடுக்காகப் பிளந்த பல், பக்கத்துப் பல்லை முட்டிச் சீழ் வைக்கும் ஞானப்பல், உரிய வயதில் விழாத பால்பல். பல்வரிசையைச் சீராக்க இடம் போதாதபோது, பழுதில்லாத முன்கடைவாய்ப் பற்களும் எடுக்கப்படுவதுண்டு. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுத் தரும் முன் பழுதான பற்கள் அகற்றப்படும்.

வகைகள்: வெளியே தெரியும் பல்லை நெம்புகோலால் தளர்த்திக் குறடால் எடுப்பது எளிய முறை. எலும்பில் புதைந்த பல்லை ஈற்றைக் கீறி, தேவையானால் துண்டாக்கி எடுப்பது அறுவை முறை.

வரலாறு: அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், 1844 டிசம்பர் 11 அன்று நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து தன் பல்லையே வலியின்றிப் பிடுங்கச் செய்தார். 1846இல் வில்லியம் மார்ட்டன் ஈதரைப் பயன்படுத்திப் பல் எடுத்தார். 1943இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகைன் இன்றும் மரத்துப்போகச் செய்யும் ஊசியாகப் பயன்படுகிறது.

பின்கவனிப்பு: குழியில் உறையும் இரத்தக்கட்டியே புண்ணை ஆற்றுகிறது. முதல் 24 மணி நேரம் பலமாக வாய் கொப்பளிப்பதும் புகைப்பதும் அதைப் பெயர்த்துவிடும். கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளிப்பட்டு, சில நாட்களில் கடும் வலி தோன்றும். இதற்கு ‘உலர்குழி’ என்று பெயர். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்போர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்; தாமாக நிறுத்தக் கூடாது.