விலை மலிவு சரி, கடை எவ்வளவு தூரம்?



போன வாரம் நம் உறவினர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ரேஷனில் அரிசி சும்மாவே கிடைக்கிறது. அப்புறமும் ஏன் ஏழைகள் அண்ணாச்சி கடையில் கடன் வைக்கிறார்கள்?" கேள்வி நியாயமானதுதான். இரண்டு வரியில் பதில் சொன்னால் வாக்குவாதம் ஆகிவிடும். வரலாறாகச் சொன்னால் விளங்கும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே ஆலைத் தொழிலாளிகள் பலர் தங்கள் கூலியை முதலாளி சொல்லும் கடையிலேயே செலவழிக்க வேண்டியிருந்தது. மாவில் கலப்படம், எடையில் குறைவு. 1844 டிசம்பர் 21 அன்று ராக்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் தாங்களே ஒரு கடை திறந்தார்கள். முதல் போட்டது 28 பவுன். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. சுத்தமான பொருள், சரியான எடை, லாபத்தில் உறுப்பினருக்குப் பங்கு என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. ஆனால் அந்தக் கடையில் கடன் கிடையாது, ரொக்கம் மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த யோசனை 60 ஆண்டு கழித்து நம் சென்னைக்கு வந்தது. 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அப்போது அவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். மளிகைக் கடைக்கும் வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்! அந்த ஆண்டு வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களைப் பற்றி மட்டுமே பேசியது. மற்ற வகைச் சங்கங்களுக்கு 1912 சட்டத்தில்தான் இடம் கிடைத்தது. சட்டத்துக்கு முன்னாலேயே நம்மவர்கள் கடை நடத்தினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, சென்னையில் ரேஷன் கடைகளும் நடத்துகிறது.

ஆனால் அன்று அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். பங்குத் தொகை கட்டி, மாதத்துக்கு வேண்டிய மளிகையை மொத்தமாக வாங்கக்கூடியவர்கள். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கடை எட்டவில்லை.

யுத்த காலத்தில் நிலைமை மாறியது. 1942இல் பர்மா ஜப்பான் வசம் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943இல் சென்னை நகரில் ரேஷன் வந்தது. உணவுப் பொருள் ஓர் அட்டையின் பேரில் கிடைக்க வேண்டியது என்ற எண்ணம் அப்போதுதான் நகரத்து மக்களுக்குப் பழகியது. 1952இல் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளில் மறுபடி பஞ்சம் தலைதூக்கியது. 1965இல் இந்திய உணவுக் கழகம் உருவானது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஊரெல்லாம் கேட்டது. ஆட்சிக்கு வந்த அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி வைத்தார். கவனியுங்கள், தொடங்கியது நகரங்களில். நிலமில்லாமல், களஞ்சியமில்லாமல், எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கியே சாப்பிட வேண்டியவன் நகரத்து ஏழைதான்.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போடவில்லை. இங்கே அட்டை எல்லோருக்கும் பொது. வேண்டாம் என்பவர்கள் தாங்களே அரிசிக்குப் பதில் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். 2007 முதல் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் சேர்ந்தன. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். கோடு போட்டிருந்தால், ஏழை என்று நிரூபிக்கக் காகிதம் இல்லாத உண்மையான ஏழைதான் முதலில் விடுபட்டிருப்பான்.

விலைப் பிரச்சினையை இப்படிப் பெரும்பாலும் தீர்த்துவிட்டோம். தூரம் மட்டும் தீரவில்லை.

1996இல் கொத்தவால்சாவடி மொத்த மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசலைக் குறைக்க அது தேவைதான். ஆனால் அந்தப் பக்கத்துத் தெருக்களிலிருந்து நடந்தே போய்க் காய் எடுத்து வந்து கூடையில் விற்ற பெண்களுக்கு, சரக்கு எடுப்பதற்கே வண்டிச் செலவு வந்து சேர்ந்தது. அந்தச் செலவு காயின் விலையில்தான் ஏறும்.

அடுத்து 2000 முதல் நகரின் நடுவே குடிசைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேல் வீடுகள். ஒண்ட ஒரு கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வேலை செய்த வீடுகள், முகம் தெரிந்த மளிகைக்கடை, மாலையில் விலை இறங்கும் காய்கறிச் சந்தை எல்லாம் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. ரேஷன் அட்டையோ முகவரியோடு கட்டப்பட்டது. அது புது முகவரிக்கு மாறும்வரை அப்போது பழைய கடையில்தான் பொருள் கிடைத்தது. அரிசி இலவசம்தான், ஆனால் அப்போது பஸ் இலவசமாக இருக்கவில்லை. அன்றைய கூலியும் போய்விடும். கடைக்குப் போன பிறகு "பருப்பு இன்னும் வரவில்லை, நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு நாள் கூலியும் போச்சு.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அண்ணாச்சி கடை காலை ஐந்தரைக்கே திறந்திருக்கும், இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும். தெருமுனையில் இருக்கும். ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் கொடுக்கும். கூலி வராத நாளில் நோட்டில் எழுதிக்கொள்ளும். ராக்டேல்காரர்கள் மறுத்த அந்தக் கடனைத்தான் அண்ணாச்சி கொடுக்கிறார். அதற்கு விலையும் உண்டு. சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்கினால் கிலோ கணக்கில் நம்மைவிட அதிக விலை ஆகிறது. மாதச் சம்பளக்காரரான நாம் மூட்டையாக வாங்கிக் குறைந்த விலை கொடுக்கிறோம், அவர்கள் அன்றாடம் வாங்கி அதிக விலை கொடுக்கிறார்கள். இதில் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது? கையில் இருக்கும் காசுக்கும் நேரத்துக்கும் ஏற்ற கடைக்குத்தானே யாரும் போவார்கள்?

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு, ஒரே ரேஷன்' நம் மாநிலத்துக்கு வந்தபின், அட்டையை வேறு கடையிலும் காட்டிப் பொருள் வாங்க வழி பிறந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியது. கடைக்கு மனிதன் போவது மாறி, மனிதனைத் தேடிக் கடை வருகிறது. 1904இல் தொடங்கிய பாதையில் இதுவும் ஒரு பெரிய அடி என்றே நினைக்கிறேன்.

என் மாணவர்களில் சிலர் இன்று நகரமைப்பு, வருவாய், கூட்டுறவுத் துறைகளில் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஒரு குடியிருப்புக்கு வரைபடம் போடும்போது குடிநீர்க் குழாய், மின்கம்பம் வரிசையில் ரேஷன் கடைக்கும் காய்கறிச் சந்தைக்கும் இடம் குறியுங்கள். மக்கள் குடிவரும் முதல் நாளே அந்தக் கடை திறந்திருக்கட்டும். மற்றவர்கள், உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் ரேஷன் அட்டை எந்த முகவரியில் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய முகவரி என்றால், செல்போனில் மாற்ற விண்ணப்பிக்க அரைமணி நேரம் உதவுங்கள். அது அவருக்கு மாதம் ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

உங்கள் தெருவில் ரேஷன் கடை எத்தனை நிமிட நடை என்று கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாழ்க வளமுடன்.