அடுக்குமாடி நிர்வாகக் குழுவில் வாடகைதாரர் (ஆயர் குரோ, மலாக்கா)

ஆயர் குரோவின் அடுக்குமாடிகளையும் மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி உடைமை) நிர்வாகச் சட்டமே ஆள்கிறது. உரிமையாளர்கள் அடங்கிய மேலாண்மைக் கழகத்தின் நிர்வாகக் குழுவில் 3 முதல் 14 பேர் இருக்கலாம். அனைவரும் வீட்டு உரிமையாளர்களே. மின்தூக்கிப் பழுது, தண்ணீர்த் தொட்டி, காவலாளி சம்பளம் எனப் பார்க்கும் வேலை ஏராளம், பெரும்பாலும் தொண்டூழியம்தான்.

இங்கிலாந்தின் வீட்டுவசதிச் சங்கங்கள் பலவற்றில் வாடகைதாரர் வாரியத்தில் அமர்கிறார். இங்கே அவருக்கு இருக்கை இல்லை. உரிமையாளரின் பதிலாளாக, பொதுக்கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் எழுத்து வடிவில் நியமிக்கப்பட்டால், வாக்களிக்கலாம். அதுவும் ஒரே ஓர் உரிமையாளருக்காக. உரிமையாளர் பராமரிப்புக் கட்டணப் பாக்கி வைத்திருந்தால் அந்த வாக்கும் செல்லாது. 2015 விதிமுறைகளின்படி, பாக்கிக்காரரின் நுழைவு அட்டையை முடக்கும்போது அது வாடகைதாரரையும் சேர்த்தே பாதிக்கும். வாடகையை ஒழுங்காகக் கட்டியவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். சட்டத்தின் மிக நியாயமற்ற இடம் இது.

இதற்கு மாறாக, 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கக் குழுவில் வாடகைதாரரும் பொறுப்பேற்கலாம். ஆனால் பராமரிப்புப் பணம் அதன் கையில் இல்லை. பராமரிப்பு குறித்த உரிமையாளர்களின் புகார்கள் ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகத்தின் கட்டட ஆணையரிடம் செல்கின்றன.