பிரான் (ஆங்கிலச் சொல்)

பிரான் என்பது உடல்வலிமையை, குறிப்பாகத் திரண்ட தசைகளால் அமையும் வலிமையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல் ஆகும். தலைவன், இறைவன் எனப் பொருள்படும் தமிழ்ச் சொல்லான பிரானுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆங்கிலத்தில் இதன் முதலொலி 'அம்பு' என்பதில் வரும் பகரத்தைப் போன்றது. அதனை அடுத்து வரும் உயிரொலி ஆகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இடைப்பட்டது. இறாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இதிலிருந்து முதலொலியில் மட்டுமே வேறுபடுகிறது. தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடும் மறைந்துவிடுகிறது.

சொற்பிறப்பு

சதைப்பற்றுள்ள பகுதி, தசை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது ஆங்கிலத்துக்கு வந்தது. அப்பிரெஞ்சுச் சொல்லோ செருமானிய மொழிக்குடும்பத்திலிருந்து பெறப்பட்டது. அங்கு அது நெருப்பில் வாட்டுவதற்குரிய இறைச்சியைக் குறித்தது. வாட்டிய இறைச்சிக்கு இன்றைய இடாய்ச்சு மொழியில் வழங்கும் 'பிராட்டன்' என்னும் சொல் இதன் உறவுச்சொல்லாகும். இறைச்சித் துண்டின் பெயர் தசைக்கும், தசையின் பெயர் வலிமைக்கும் ஆகிவந்துள்ளது. தசைக்கு ஆங்கிலத்தில் பொதுவாக வழங்கும் 'மசில்' என்னும் சொல், சிறு எலி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இலக்கிய வழக்கு

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெஃப்ரி சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலின் முன்னுரைப் பகுதியில், மாவாலைக்காரனின் உடற்கட்டைக் காட்ட இச்சொல் ஆளப்பட்டுள்ளது. அவன் மற்போரில் ஆட்டுக்கடாவைப் பரிசாக வெல்பவன். ஓடிவந்து தலையால் மோதியே கதவை உடைக்கக்கூடியவன். சேக்சுபியர் இதனை இரு வகையில் கையாள்கிறார். 'சிம்பலின்' நாடகத்தில் எர்க்குலிசின் தசைகளைக் குறிக்கப் பன்மையில் வருகிறது. 'நான்காம் என்றி' முதற்பாகத்தில், பருத்த உடல் கொண்ட ஃபால்சுடாஃபை இளவரசன் ஏளனமாகச் சுட்டும் சொல்லாக வருகிறது. இன்றைய வழக்கில் இது எண்ணப்படாப் பெயராகவே பெரும்பாலும் நிற்கிறது. பன்மை வழக்கு அருகிவிட்டது. 'பிரானி' என்பது இதன் பெயரடை.

பொருள் எல்லை

வலிமைக்குரிய பொதுச்சொல்லான 'ஸ்ட்ரெங்த்' என்பதைக் கயிற்றின் உறுதிக்கும், தேநீரின் கடுமைக்கும், மனத்திண்மைக்கும் பயன்படுத்தலாம். பிரானுக்கு அவ்வளவு பரப்பு இல்லை. உருவகமாக இயந்திரத்தின் ஆற்றலுக்கும் ஒரு நாட்டின் படைபலத்துக்கும் இது வருவதுண்டு. ஆயினும் மனவலிமைக்கு இதனை ஆள்வதில்லை.

இதற்கு முதன்மையான காரணம், மூளையைக் குறிக்கும் 'பிரெய்ன்' என்னும் சொல்லோடு இது இணைத்துப் பேசப்படுவதே. இரண்டும் ஒரே ஒலியில் தொடங்கி ஒரே ஒலியில் முடிவதால் இணைமொழியாகப் பொருந்திவிட்டன. ஆனால் இணையில் வரும்போது பிரான் நடுநிலைச் சொல்லாக இருப்பதில்லை. மூளைக்கு எதிர்நிலையில் நிறுத்தப்பட்டதும், அறிவு கலவாத வெறும் உடற்பலம் என்னும் இழிவுக்குறிப்பு அதில் ஏறிவிடுகிறது. உடலுழைப்பாளர் ஒருவரை இச்சொல்லால் பாராட்டும்போது, அவர் கைகளைப் புகழ்ந்து அறிவைக் குறைத்துச் சொன்னதாகவும் ஆகலாம். மூட்டை தூக்குவோர்க்கும் எடையைக் கணித்தல், சமநிலை பேணுதல், மூச்சை அடக்குதல் ஆகியன தேவை. இணைமொழி காட்டும் பிரிவினை நடைமுறைக்குப் பொருந்துவது அரிது.

இழிவுக்குறிப்பு இன்றி இதனைக் கலைச்சொல்லாக ஆளும் துறை பொருளியல் ஆகும். மார்க் பிட், மார்க் ரோசன்சுவைக், நசுமுல் அசன் ஆகியோர் 2012இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியிட்ட ஆய்வில் 'பிரான் சார்ந்த பொருளாதாரம்' என்னும் தொடர் இடம்பெறுகிறது. உடற்பலத்துக்குக் கூலி கிடைக்கும் சூழலில், உடல்நலம் மேம்படுவதால் பள்ளிக்கல்வியில் விளையும் மாற்றம் ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி என்பதை வங்காளதேசச் சிற்றூர்த் தரவுகளைக் கொண்டு அவ்வாய்வு விளக்குகிறது.

பிற வழக்குகள்

பிரித்தானிய ஆங்கிலத்தில் இது ஓர் உணவின் பெயருமாகும். பன்றியின் தலையை நெடுநேரம் வேகவைத்து, இறைச்சியைப் பிரித்தெடுத்து, வெந்த நீரிலேயே கூழ்மமாக உறையவிட்டு, குளிர்ந்தபின் துண்டுகளாக அரிந்து உண்பர். அமெரிக்கர் இதனைத் தலைப் பாலாடைக்கட்டி என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். ஆனால் இதில் பால் சேர்வதில்லை. பழைய ஆங்கில நூல்களில் கிறித்துமசு விருந்தில் கடுகுச் சாந்துடன் பரிமாறப்படுவதாக வருவது, முற்காலத்தில் இப்பெயர் பெற்றிருந்த காட்டுப்பன்றி இறைச்சியாகும். அவ்விடங்களில் உடல்வலிமை எனப் பொருள் கொள்வது பிழை.

இது குடும்பப் பெயராகவும் வழங்குகிறது. பொறியாளர் ராசு பிரானின் பெயர் தாங்கிய பிரான் ஜிபி அணி, ஃபார்முலா 1 தானுந்துப் பந்தயத்தில் 2009ஆம் ஆண்டு மட்டும் பங்கேற்றது. அவ்வாண்டின் 17 போட்டிகளில் 8இல் வென்று, ஓட்டுநர், அணி ஆகிய இரு உலகப் பட்டங்களையும் பெற்றது. பந்தய உத்திகளுக்குப் பெயர்பெற்றவரான அவருக்கு இப்பெயர் அமைந்தது முரணே.

தமிழில் பெயர்த்தல்

தசைவலிமை, உடல்வலிமை, தோள்வலி, உடற்பலம் ஆகியன இதற்கு இடத்துக்கேற்பப் பொருந்தும். தோள் என்றும் வலிமை என்றும் பொருள்படும் 'மொய்ம்பு' என்னும் பழஞ்சொல், உறுப்பின் பெயரும் ஆற்றலின் பெயரும் ஒன்றாதலில் இதற்கு மிக அணுக்கமானது. எனினும் அதில் இழிவுக்குறிப்பு இல்லை. மூளையோடு இணைந்து வரும் இடங்களில் 'வெறும் உடற்பலம்' என்பது மூலத்தின் தொனியைக் காக்கும்.