குச்சிக்கிழங்குக்குக் காவல் வந்த குளவி

மரவள்ளிப் பயிரில் வந்த மாவுப்பூச்சியைப் பற்றியும், அதை அடக்க வந்த ஒரு சிறு குளவியைப் பற்றியும் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

2020-ஆம் ஆண்டு கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் இந்த மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. அதைத் தொடர்ந்து சேலம், நாமக்கல், தருமபுரி என்று நம் குச்சிக்கிழங்குக் காடுகளிலும் ஏறிவிட்டது. நுனிக் கொழுந்து சுருண்டு கொத்தாகக் குவியும். கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, செடி குட்டையாய் நின்றுவிடும். பூச்சி சாறு உறிஞ்சும்போது அதன் எச்சிலில் உள்ள நஞ்சு செடிக்குள் இறங்குவதால் வரும் வினை இது.

அந்தச் சமயத்தில் ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: "ஏங்க சார், பப்பாளி மாவுப்பூச்சிக்கு ஒரு குளவி கொண்டுவந்து விட்டாங்களே, அது நம்ம காட்டிலதானே இருக்குது. அது இதைத் தின்னாதுங்களா?" நல்ல கேள்வி. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் பாழாக்கியதும், 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அசரோபேகஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டதும், ஒன்றிரண்டு ஆண்டில் பூச்சி அடங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அந்தக் குளவி இந்தப் பூச்சியைத் தொடாது. பப்பாளி மாவுப்பூச்சி உடம்பு மஞ்சள். இதன் உடம்பு ரோஜா நிறம். மேலே வெள்ளை மாவு பூசியிருப்பதால் நமக்கு இரண்டும் ஒன்றாய்த் தெரிகிறது. குளவி ஏமாறாது.

இதே மயக்கம் ஆப்பிரிக்காவிலும் ஒருமுறை நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மரவள்ளி பிறந்த இடம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற சரக்கில்லை; கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அன்றாடச் சோறு. கீரைக்குப் பதில் அதன் கொழுந்தைத்தான் சமைக்கிறார்கள். இந்தப் பூச்சி 1973-இல் காங்கோ ஆற்றின் இரு கரையிலும் உள்ள நாடுகளில் தலைகாட்டியது. யாரோ நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த விதைக் குச்சியோடு வந்திருக்க வேண்டும். பிறகு ஊர் ஊராக, நாடு நாடாகப் பரவியது. சில இடங்களில் விளைச்சலில் நூற்றுக்கு எண்பது பங்குவரை போயிற்று. அடுத்த நடவுக்குக் குச்சி கிடைக்காமல் தவித்தவர்களும் உண்டு. இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், சேராமலே முட்டை இடும். ஒரே ஒரு பூச்சி குச்சியில் ஒட்டிக்கொண்டு போனாலும் போதும், ஒரு காடு நிறைந்துவிடும்.

நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெர்ரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். தாய்நாட்டில் இந்தப் பூச்சி இத்தனை ஆட்டம் போடவில்லை என்றால், அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அதைத் தேடி அமெரிக்கக் கண்டத்துக்குப் போனார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி அகப்பட்டது. சந்தோஷப்பட்டார்கள். அதன் எதிரிகளைப் பிடித்து வந்து பார்த்தால் ஒன்றும் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீந்தவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியானது. அது மஞ்சள் நிறப் பூச்சி. அதில் ஆணும் உண்டு. வேறு இனம்! தவறான வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார்கள்.

சரியான வீடு 1981-இல், இன்னும் தெற்கே, பராகுவே நாட்டில் கிடைத்தது. கண்டவர் ஆந்தனி பெலோட்டி. அங்கே இந்தப் பூச்சி அங்கொன்றும் இங்கொன்றுமாக, தேடினால்தான் அகப்படுகிற நிலையில் இருந்தது. கூடவே அதன் குளவியும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் குளவிக்கு அர்ஜென்டினாவின் தெ சாந்திஸ் என்ற அறிஞர் 1964-லேயே பெயர் வைத்துவிட்டார். பூச்சிக்குப் பெயர் வந்தது 1977-இல்தான். குளவியின் இன்றைய பெயர் அனாகிரஸ் லோபசி.

குளவி என்றதும் கூரையில் கூடு கட்டிக் கொட்டுமே, அதை நினைக்காதீர்கள். இது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இராது, எள்ளைவிடச் சிறிசு. கருநிறம். மனிதரைக் கொட்டாது. இறக்கையில் நரம்பு மிகக் குறைவு. முன் ஓரமாக ஓடிப் பாதியிலேயே நின்றுவிடும். நடுக்காலில் ஒரு நீண்ட முள் உண்டு, அதை உந்தித் துள்ளும். ஆணின் உணர்கொம்பில் மயிர் அடர்ந்திருக்கும். பெண்ணுக்கு வயிற்றின் நுனியில் முட்டையிடும் ஊசி இருக்கிறது.

பூச்சி பிடித்த மரவள்ளிச் செடி ஒரு வாசனை விடும். நமக்கு அது தெரியாது, குளவிக்குத் தெரியும். அந்த வாசனையைப் பிடித்து வந்து, உணர்கொம்பால் மாவுப்பூச்சியைத் தட்டித் தடவிப் பார்த்து, ஊசியைச் செருகி உள்ளே முட்டை வைக்கும். ஒரு பூச்சிக்குள் ஒரு குளவிதான் வளர்ந்து தேறும். புழு உள்ளேயே தின்று வளர, மாவுப்பூச்சி உப்பி, விறைத்து, பழுப்பு நிறக் கூடாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அதில் வட்டமாய் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

இன்னொரு விசேஷம். தாய்க்குளவி பூச்சியின் அளவைப் பார்த்துத்தான் முட்டை வைக்கிறது. சின்னப் பூச்சியில் வைத்தால் பெரும்பாலும் ஆண். பெரிய பூச்சியில் வைத்தால் பெண். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பராகுவேயில் பிடித்த குளவிகளை நேரே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்விடவில்லை. முதலில் இங்கிலாந்தில் அடைத்து வைத்து, வேறு நோயோ பூச்சியோ கூட வரவில்லை என்று சோதித்த பிறகுதான் இபாதானுக்கு அனுப்பினார்கள். 1981 நவம்பரில் வயலில் விட்டார்கள். மூன்றே ஆண்டில் தென்மேற்கு நைஜீரியாவில் 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிவிட்டது. நம் தமிழ்நாடே 1 லட்சத்து 30 ஆயிரம்தான். எட்டாத இடங்களுக்கு ஆகாய விமானத்திலிருந்தும் விட்டார்கள். 1990 வாக்கில் 24 நாடுகளுக்கு மேல், ஏறக்குறைய 27 லட்சம் சதுர கிலோமீட்டரில் குளவி நிலைத்துவிட்டது. விவசாயி ஒரு காசும் செலவழிக்கவில்லை. ஹெர்ரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பிறகு பூச்சி ஆசியாவுக்கு வந்தது. 2008-இல் தாய்லாந்தில் தென்பட்டது. மறு ஆண்டே அவர்கள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தக் குளவியை வரவழைத்து, பெருக்கி, ஊர் ஊராக விட்டார்கள். நமக்கும் அதே பெனினிலிருந்து 2021-இல் வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தார் சோதித்து வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். பராகுவே, இங்கிலாந்து, நைஜீரியா, பெனின், பெங்களூர், ஏத்தாப்பூர். எள்ளைவிடச் சின்ன உயிருக்கு எவ்வளவு பெரிய பயணம் பாருங்கள்!

இப்போது அந்த ஆண், பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வயலில் பூச்சி அடங்கியது. மீதி ஐந்தில் அடங்கவில்லை. போய்ப் பார்த்தால் அவையெல்லாம் சாரமற்ற மணல் காடு; எருவும் இல்லை, மூடாக்கும் இல்லை. செடி சவலை. சவலைச் செடியில் பூச்சியும் சின்னதாய்த்தான் வளரும். சின்னப் பூச்சியில் ஆண் குளவிதானே பிறக்கும்? பெண் இல்லாமல் குளவிக் கூட்டம் எப்படிப் பெருகும்? அந்தக் காடுகளில் எரு இட்டு, இலை தழையால் மூடாக்குப் போட்டபோது குளவி கை ஓங்கியது. தொழு எரு போட்ட காட்டில் மாவுப்பூச்சி கொழுக்குமே என்று நம்மில் சிலர் பயப்படுகிறோம். கொழுக்கட்டும், அதில்தான் பெண் குளவி பிறக்கிறது.

ஆகவே, நுனியில் வெள்ளையைக் கண்டதும் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிவிடாதீர்கள். கொழுந்தை விரித்துப் பாருங்கள். மாவு உதிர்ந்து, பழுப்பாய், விரல் பட்டால் நசுங்காமல் கெட்டியாய்ச் சில இருக்கின்றனவா? அவற்றுக்குள் குளவி இருக்கிறது. அடிக்கிற மருந்து வெளியே திரியும் குளவியை முதலில் கொன்றுவிடும். சுருண்ட இலைக்குள் பதுங்கிய பூச்சியோ தப்பித்துக்கொள்ளும். நடவுக்குப் பூச்சியில்லாத குச்சியாகப் பார்த்து எடுங்கள். காட்டில் கெட்டிக்கூடு ஒன்றுகூட அகப்படவில்லை என்றால், பூச்சியுள்ள கொழுந்தை அப்படியே பையில் போட்டுக் கட்டி வேளாண் அலுவலரிடம் காட்டி, குளவி கேளுங்கள். மஞ்சளா, ரோஜாவா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.