ஆலைக்குள் வந்த விற்பனைப் பொறியாளர்

1960களின் இறுதிவரை அமெரிக்கக் கார் ஆலைகளின் இயந்திரங்களை மின்காந்த ஸ்விட்சுகளான ரிலேக்களே ஆட்டுவித்தன. பெரிய இரும்புப் பெட்டிகளுக்குள் வரிசை வரிசையாக ரிலேக்கள், அவற்றைப் பிணைக்கும் வயர்கள். கார் மாடல் மாறினால் வயரிங்கும் மாறியாக வேண்டும். ஒரு ரிலே பழுதானால், அது எது என்று கண்டுபிடிக்கும்வரை உற்பத்தி நின்றுவிடும். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு இதற்கு ஒரு மின்னணு மாற்றைக் கேட்டது.

மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸில் டிக் மோர்லியும் கூட்டாளிகளும் உருவாக்கிய கருவி அந்த ஆர்டரைப் பெற்றது. அந்த நிறுவனத்தின் 84ஆவது திட்டம் அது; அதனால் பெயர் 084. அதை விற்கப் பிறந்த நிறுவனம் மோடிகான். இன்று ஆலைதோறும் இருக்கும் பிஎல்சி என்ற நிரலிடக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவியின் முன்னோடி இதுதான்.

கணினி என்றால் குளிரூட்டிய அறையில் வைத்துப் பாதுகாக்கவேண்டிய பொருள் என்று எல்லோரும் நினைத்த காலம். அதனால் வாங்குபவரின் பயத்தைப் போக்குவதே விற்பனையின் முதல் வேலையாயிற்று. ஆலை எலக்ட்ரீஷியன்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்த ஏணி வரைபடமே கருவிக்கு நிரல் எழுதும் வழியானது. ஆலையின் கரடுமுரடான சூழலைத் தாங்குமா என்பதற்குப் பதில் ஆலையிலேயே கிடைத்தது. லேண்டிஸ் என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் வெல்டிங் கேபிளைக் கருவியின்மேல் சுற்றி, மின் இரைச்சலில் அது தடுமாறுகிறதா என்று சோதித்ததை மோர்லி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனாலும் 084 பெரிதாக விற்கவில்லை. 1973இல் வந்த 184தான் மோடிகானை நிலைநிறுத்தியது.

அடுத்த சவால், இயந்திரத்துக்குக் கண் கொடுப்பது, அதாவது மெஷின் விஷன். 1981இல் எம்ஐடி விரிவுரையாளர் ராபர்ட் ஷில்மன், மாணவர்களான மர்லின் மாட்ஸ், பில் சில்வர் இருவரையும் சேர்த்துக்கொண்டு காக்னெக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் கருவி டேட்டாமேன், எழுத்துகளைப் படித்தது. அதை முதலில் வாங்கியவர் ஒரு தட்டச்சுப்பொறித் தயாரிப்பாளர். விசைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க அது பயன்பட்டது.

ஆனால் ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு பிரச்சினை. ஒரு கேமராவை விற்றால், அதற்கென்றே தனி மென்பொருளும் பொறியாளரின் நேரமும் செலவாயின. 1980களின் நடுவில் காக்னெக்ஸ் வழியை மாற்றி, செமிகண்டக்டர், மின்னணுப் பொருள்களை உருவாக்கும் இயந்திரங்களைத் தயாரிப்பவர்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒருமுறை பொருத்தினால் அதே வடிவமைப்பு பல இயந்திரங்களில் போகும். 1989இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது.

ஜப்பானில் தகெமித்சு தகிசாகி 1974இல் நிறுவிய சென்சார் நிறுவனமான கீயன்ஸ் வேறு பாதையில் சென்றது. இடைத்தரகர் இல்லாமல் அதன் விற்பனையாளர்களே ஆலைகளுக்கு நேரில் சென்றார்கள். அங்கே கேட்டறிந்த சிக்கல்கள் புதிய சென்சார்களின் வடிவமைப்புக்குப் போயின. உற்பத்தியில் பெரும்பகுதியை வெளி ஆலைகளிடம் விட்டுவிட்டு, வடிவமைப்பையும் விற்பனையையும் நிறுவனம் தன் கையில் வைத்துக்கொண்டது.

மெஷின் விஷன் விற்பனை இன்றும் பெரும்பாலும் மாதிரிகளில்தான் தொடங்குகிறது. வாடிக்கையாளர் நல்ல பாகங்களையும் குறையுள்ளவற்றையும் தருவார். பொறியாளர் லென்ஸை மாற்றுவார், விளக்கின் கோணத்தைத் திருப்புவார். பளபளப்பான உலோகத்தில் இருக்கும் கீறல் நேர் வெளிச்சத்தில் மறைந்து, சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியலாம். கீறல் படத்தில் விழுந்த பிறகுதான் விலைப்பட்டியல் மேசைக்கு வருகிறது.