வீங்கிய குடலும் ஓய்ந்த குடலும்: ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய் வரலாற்றில் பெற்றோரின் இடம்

பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முதல் 24 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ எனப்படும் முதல் மலத்தைக் கழித்துவிடும். ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயோடு பிறந்த குழந்தைக்கு அது தள்ளிப்போகும், வயிறு உப்பும், பச்சையாக வாந்தி வரும். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் இந்தப் பிறவிக் குறை, பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் சுமார் நான்கு மடங்கு அதிகம். இதன் வரலாற்றை அறுவை முறைகளின் வரிசையாகவே பெரும்பாலும் எழுதிவந்திருக்கிறார்கள். நோய் குடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற தெளிவு பிறக்கும்வரை பெற்றோர் பட்ட பாடு வீணாகவே போயிற்று என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் பெர்லினில் இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். தீராத மலச்சிக்கலோடு வாழ்ந்து, ஒரு வயது நிறையுமுன் இறந்த குழந்தைகள் அவை. இறந்தபின் பார்த்தபோது பெருங்குடல் பருத்துத் தடித்திருந்தது. அந்த வீக்கமே பிறவிக் குறை என்று அவர் முடிவு செய்தார். வீங்காமலிருந்த மலக்குடல் கவனம் பெறவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகள் மருத்துவம் இந்த முடிவைச் சுற்றியே நடந்தது. பேதி மருந்து, எனிமா, வீங்கிய பகுதியை வெட்டியெடுத்தல், 1920களில் பரிவு நரம்புகளைத் துண்டித்தல் எல்லாம் செய்துபார்த்தார்கள். எனிமா அன்றைய வயிற்றை இறக்கியது. நோய் இருந்த இடத்திலேயே இருந்தது.

சரியான தடயம் 1901இலேயே கிடைத்துவிட்டது. குடலை அசைக்கும் நரம்பணுக்கள் கீழ்ப்பகுதியில் இல்லை என்று டிட்டல் என்னும் மருத்துவர் எழுதினார். 1920இல் டல்லா வாலே என்னும் மருத்துவர் இந்நோயுற்ற உடன்பிறந்தோரிடமும் அதையே கண்டார். நுண்ணோக்கியில் கண்டது அறுவை அரங்குக்கு வந்துசேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனதை இவ்வரலாற்றின் மிகப் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

திருப்பம் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நேர்ந்தது. வயிற்றில் திறப்பு வைத்து மலத்தை வெளியேற்றியபோது தேறிய குழந்தை, திறப்பை மூடியதும் மீண்டும் நோயுற்றதை அறுவை மருத்துவர் ஓர்வார் ஸ்வென்சன் கண்டார். பருத்த குடல் சரியாக வேலை செய்கிறதென்றால் தடை அதற்குக் கீழே இருக்க வேண்டும். குடலுக்குள் சிறு பலூன்கள் வைத்து அசைவைப் பதிவுசெய்தார். மேலிருந்து வந்த அலை, இயல்பாகத் தோன்றிய கடைசிப் பகுதியில் நின்றுபோனது. அந்தப் பகுதியை நீக்கி, நல்ல குடலை ஆசனவாய்க்குச் சற்று மேலே இணைக்கும் முறையை 1948இல் அலெக்சாண்டர் பில்லுடன் வெளியிட்டார்.

கருவில் இந்த நரம்பணுக்கள் மேலிருந்து கீழாகக் குடல் நெடுகப் பரவுகின்றன; சில கருக்களில் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. 1994இல் ரெட் என்னும் மரபணுவில் உள்ள மாற்றங்கள் இந்நோயோடு தொடர்புபடுத்தப்பட்டன. ஆகவே தாய் உண்ட உணவோ பத்தியக் குறைவோ இதற்குக் காரணமல்ல. குழந்தை பெற்ற வீட்டில் இந்த உண்மையை உரக்கச் சொல்ல வேண்டும்.

1969இல் ஹெலன் நோப்லெட் அறிமுகப்படுத்திய உறிஞ்சு கருவியால், மயக்க மருந்தின்றிப் பச்சிளங்குழந்தையின் மலக்குடலிலிருந்து திசு எடுத்துச் சோதிக்க முடிந்தது. 1998இல் மெக்சிகோ மருத்துவர்கள் வயிற்றைத் திறக்காமல் ஆசனவாய் வழியாகவே செய்யும் அறுவையை வெளியிட்டனர். நோயறியும் வயது இறங்க இறங்க, பராமரிப்பின் பெரும்பகுதி வீட்டுக்கு வந்தது. சில குழந்தைகளுக்கு அறுவை வரை தாயும் தந்தையுமே குழாய் வழியாக உப்புநீரால் குடலைக் கழுவிவிடுகிறார்கள். வேறு சிலருக்கு வயிற்றுத் திறப்பில் பொருத்திய மலப்பையை மாற்றுகிறார்கள். அன்றைய எனிமா போலன்றி, இன்றைய கழுவல் முடிவான சிகிச்சைக்கு இட்டுச்செல்லும் வழி.

நம் வீடுகளில் மலம் வராத குழந்தைக்கு விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பை வைக்கும் வழக்கம் உண்டு. இந்நோயில் அந்தத் தூண்டலுக்குக் காற்றும் மலமும் பீறிட்டு வரக்கூடும்; வயிறு இறங்கியதும் வீட்டார் நிம்மதியடைந்துவிடுவார்கள், நோயறிதல் தள்ளிப்போகும். உயிரைப் பறிக்கும் குடல் அழற்சி அறுவைக்கு முன்னும் வரும், பின்னும் வரும். 48 மணி நேரமாகியும் காட்டுப்பீ போகாத குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை முடிந்த குழந்தைக்கு வயிற்று உப்பல், காய்ச்சல், நாற்றமடிக்கும் பேதி கண்டால் விடியும்வரை காத்திராதீர்கள். இரவிலேயே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.